ஏரிக்கரையில் மூன்று இரவுகள்... கூடாரம் போட இடம் தேடும் மினசோட்டா குடும்பங்கள்!

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வாரம். மினியாபொலிஸ் நகரில் ஒரு வீட்டுச் சமையலறை. காலை எட்டு மணி ஆக இன்னும் ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன. மேஜைமேல் லேப்டாப் திறந்திருக்கிறது. அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன் நான்கு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி மட்டும் ஜன்னலோரம் காபியுடன் உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்கிறார்.

இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் வடக்கு எல்லையில், கனடாவை ஒட்டி இருக்கும் மினசோட்டா மாநிலத்தில் இது அதிசயக் காட்சி இல்லை. அங்கே கோடைக்காலம் குறுகியது. மே மாதக் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையோடு முடிந்துவிடும். அதற்குள் ஒருமுறையாவது 'வடக்கே' போய்விட வேண்டும். 'வடக்கே போகிறோம்' என்றால் அங்கே யாரும் ஊர் பெயர் கேட்பதில்லை. "எந்த ஏரி?" என்றுதான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையானால் நகரத்திலிருந்து வடக்கே போகும் சாலைகளில் கார்கள் வரிசைகட்டும். கார்களின் கூரையில் கேனோ எனப்படும் துடுப்புப் படகு, பின்னால் சைக்கிள்கள், உள்ளே கூடாரமும் குழந்தைகளும். போகும் வழியில் யாரும் சண்டை போடாமல் இருந்தால், அந்த வீட்டில் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்!

120 நாள் கணக்கு

மினசோட்டாவின் மாநிலப் பூங்காக்களில் கூடாரம் போடும் இடங்களை 120 நாள்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் மூன்று இரவுகள் வேண்டுமென்றால் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே தயாராக இருக்க வேண்டும். கோடை வார இறுதிகளில், தண்ணீரைப் பார்த்த நல்ல இடங்கள் சட்டென்று போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் அந்த ஏரிகள் பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். வடக்கு மினசோட்டா ஏரிகளில் பனிக்கட்டி முழுவதும் உருக ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் ஆகிவிடும். ஆக, பனிக்கட்டியாய் இறுகிக் கிடக்கும் ஏரியில் எந்தப் பக்கம் பிள்ளைகள் குளிப்பார்கள், எந்தப் பக்கம் காற்று வரும் என்று வரைபடத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

ஏரிகளுக்கோ பஞ்சமே இல்லை. மினசோட்டா கார்களின் நம்பர் பிளேட்டில் '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். அது அடக்கமான கணக்கு. 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டுமே 11,842. அதனால் ஏரி கிடைப்பது பிரச்னை இல்லை. எந்த ஏரி, அதில் எந்தக் கரை, அந்தக் கரையில் எந்த எண் உள்ள இடம் என்பதுதான் பிரச்னை.

நான்கு விதமான கரைகள்

வடக்கே கூடாரம் போடும் இடங்களை ஏறக்குறைய நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மாநிலப் பூங்காக்கள். கார் நேராக இடத்துக்கே போகும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், பெஞ்சுடன் கூடிய மேஜை, இரும்பு வளையம் போட்ட அடுப்பு இருக்கும். பெரிய பூங்காக்களில் வெந்நீர்க் குளியலறை, ஃப்ளஷ் வசதியுள்ள கழிப்பறை, சில இடங்களில் மின் இணைப்பும் உண்டு. முதல்முறை கூடாரத்தில் தங்குபவர்களும், சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்களும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, தேசிய வனங்கள். மினசோட்டாவில் இரண்டு இருக்கின்றன. கிழக்கே சுப்பீரியர், மேற்கே சிப்பேவா. இங்குள்ள முகாம்கள் பெரும்பாலும் சின்னவை, அமைதியானவை. பலவற்றில் குழிக் கழிப்பறையும் அடிபம்பும்தான் வசதி. முன்பதிவு இல்லாமல், முதலில் வருபவருக்கே இடம் என்ற முறையும் பல முகாம்களில் உண்டு. வெள்ளி மாலை போய் இடம் கிடைக்காவிட்டால் இருட்டில் அடுத்த ஏரியைத் தேட வேண்டியதுதான். கழுத்தும் தலையும் வெளுத்த அமெரிக்கக் கழுகு நிறையக் கூடு கட்டும் வனம் சிப்பேவா. காலையில் மேஜைக்கு மேலே அது வட்டமிடுவதைப் பார்த்தவர்கள் அடிபம்பைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, அணைகளை ஒட்டிய முகாம்களும் தனியார் விடுதிகளும். மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் லீச் ஏரி, வினிபிகோஷிஷ் ஏரி, கல் ஏரி போன்றவற்றின் அணைகளை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கிறது. அங்கே முகாம்களும் உண்டு. மீன் பிடிப்பவர்களுக்குப் பிடித்தமான இடங்கள் இவை. தனியார் முகாம்களில் கடை, படகு வாடகை, பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் கிடைக்கும். கூடவே பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் சத்தமும், இரவு பாட்டும் கிடைக்கலாம்.

நான்காவது, தண்ணீர் வழியாக மட்டுமே போகக்கூடிய இடங்கள். வோயஜர்ஸ் தேசியப் பூங்காவுக்குள் காரில் போய் இறங்கும் கூடார இடமே கிடையாது. எல்லாவற்றுக்கும் படகில்தான் போக வேண்டும். கனடா எல்லையோரம் இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி இதைவிட ஒரு படி மேல். பத்து லட்சம் ஏக்கருக்கும் அதிகமான காடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, நாளுக்கு இத்தனை குழுக்கள்தான் என்ற கணக்கில் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் ஒன்பது பேர், நான்கு படகுகள். கண்ணாடி பாட்டிலும் தகர டப்பாவில் அடைத்த உணவும் உள்ளே போகக்கூடாது. தங்கும் இடத்தில் ஓர் இரும்பு அடுப்பும், காட்டுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு திறந்தவெளிக் கழிப்பிடமும் மட்டுமே இருக்கும்.

ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக, படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அந்தப் பாதைகளின் நீளத்தை இன்றும் 'ராட்' என்ற பழைய அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் என்பது 16.5 அடி. சுமாராக ஒரு கேனோ படகின் நீளம்.

அப்பாவுக்கு வேண்டியது இந்த நான்காவது வகைதான். காரணம், ஆசை மட்டும் இல்லை. அவர் பையனாக இருந்தபோது பாட்டியும் தாத்தாவும் அவரைக் கூட்டிக்கொண்டு போன இடம் அது. தாத்தா படகைச் சுமப்பார். பாட்டி மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பார். தாத்தா இப்போது இல்லை. தன் பிள்ளைகளுக்கும் அந்த ஏரியைக் காட்டிவிட வேண்டும் என்று அப்பா நினைக்கிறார்.

அம்மாவுக்கு வெந்நீர் வேண்டும். பெண்ணுக்கு மணல் கரை வேண்டும். பையனுக்குக் கரடி வேண்டும். பாட்டி எதுவும் கேட்கவில்லை. 'வரவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டார்.

கழிப்பறை எவ்வளவு தூரம்?

நீண்ட நாள் கூடாரம் போட்டுப் பழகியவர்கள் புதியவர்களுக்கு முதலில் சொல்வது ஏரியைப் பற்றி இல்லை; கழிப்பறையைப் பற்றி. 'உங்கள் குழுவில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவர் யாரோ, அவரிலிருந்து தொடங்குங்கள்' என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயது கடந்தவரும் இரவில் ஒருமுறையாவது எழுந்திருப்பார்கள். வேர்கள் புடைத்த பாதையில், டார்ச் வெளிச்சத்தில், 300 மீட்டர் நடப்பது என்பது பகலில் 300 மீட்டர் நடப்பதைப்போல இல்லை. அதற்காகக் கழிப்பறைக்கு ஒட்டிய இடத்தையும் எடுக்கக்கூடாது. இரவு முழுக்கக் கதவு சாத்தும் சத்தமும் விளக்கும் தூங்கவிடாது. இரண்டு மூன்று இடங்கள் தள்ளி இருப்பது உத்தமம்.

அடுத்தது தண்ணீரின் தூரம். 'ஏரிக்கரை' என்றதும் எல்லோரும் தண்ணீரை ஒட்டிய இடத்தைத்தான் கேட்கிறார்கள். நீச்சல் தெரியாத குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது தண்டனை. கூடார வாசலிலிருந்து பத்தடியில் தண்ணீர் என்றால், மூன்று நாளும் யாராவது ஒருவர் கண் இமைக்காமல் காவல் இருக்க வேண்டும். சமைக்கும்போதுகூட நிம்மதி இருக்காது. கொஞ்சம் தள்ளி, மரங்களுக்கு நடுவே ஏரி தெரியும் இடம் கிடைத்தால் பெரியவர்களுக்கும் விடுமுறை கிடைக்கும். மினசோட்டா சட்டப்படி, ஓடும் படகில் இருக்கும் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உயிர்காக்கும் சட்டை அணிந்தே ஆக வேண்டும். கரையில் விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதை மாட்டிவிடும் பெற்றோர் உண்டு.

மூன்றாவது காற்று. வடக்கே கோடையின் ராஜா கொசுதான். 'மினசோட்டாவின் மாநிலப் பறவை கொசு' என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்துகொள்வார்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளிலும், காற்று வந்து மோதும் கரைகளிலும் கொசு குறைவு. சதுப்பை ஒட்டிய, புதர் அடர்ந்த, காற்று புகாத இடங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார முடியாது. ஆனால் காற்று வரும் கரைக்கே புயலும் முதலில் வரும். 1999 ஜூலை 4 அன்று பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் வீசிய சூறாவளிக் காற்று, லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கூடாரங்களில் இருந்தவர்கள் பலர் காயமடைந்தார்கள். அதனால் கூடாரம் போடுவதற்கு முன் தரையைப் பார்ப்பதுபோல, தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நான்காவது தண்ணீரின் குணம். மினசோட்டாவின் இயற்கை வளத் துறை, ஆயிரக்கணக்கான ஏரிகளின் விவரத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. பல ஏரிகளுக்கு ஆழ வரைபடம், அதில் உள்ள மீன் வகைகள், தண்ணீரின் தெளிவு வரை பார்க்கலாம். தெளிவை அளக்கும் முறை எளிமையானது. சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எத்தனை அடியில் அது கண்ணுக்கு மறைகிறதோ, அதுதான் அளவு. ஆழ வரைபடத்தில் கோடுகள் நெருக்கமாக இருந்தால் கரை சட்டென்று ஆழமாகிறது என்று பொருள். கோடுகள் விலகி இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஐந்து வயதுப் பையனுக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த மாதம்?

மே, ஜூன் மாதங்களில் காட்டுப் பூக்கள் அழகு. ஆனால் தண்ணீர் எலும்பைக் குத்தும். குட்டிக் கறுப்பு ஈக்கள் காதோரம் கடித்து ரத்தம் வரவைக்கும். லைம் நோயைப் பரப்பும் சின்ன உண்ணிகளுக்கும் அதுதான் உச்சகாலம். தினமும் இரவு பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் சோதித்துவிட்டே படுக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். பிள்ளைகள் தூங்காது, கொசுவும் தூங்காது. ஜூலையில் தண்ணீர் சூடேறும், கூட்டமும் ஏறும். ஆகஸ்டில் கொசு குறையும், குளிக்க இதமாக இருக்கும், இரவில் குளிரத் தொடங்கும். ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி வானத்தில் பெர்சீட் விண்கற்கள் பொழியும். நகர வெளிச்சம் இல்லாத ஏரிக்கரையில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பதற்காகவே வருபவர்கள் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை தேவை. கோடையின் பிற்பகுதியில் சில ஏரிகளில், பச்சை பெயின்ட் கொட்டியதுபோலப் பாசி படரும். அதில் நஞ்சு இருக்கலாம். அந்தத் தண்ணீரில் பிள்ளைகளையோ நாயையோ விடக்கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் அந்தக் குடும்பம் ஆகஸ்டைத் தேர்ந்தெடுத்தது. இடம்தான் முடிவாகவில்லை.

ஒரே ஓட்டில் பிழைத்த காடு

லேப்டாப்பில் ஒரு பெயரைப் பெண் கண்டுபிடித்தாள். இட்டாஸ்கா. மினியாபொலிஸிலிருந்து சுமார் நான்கு மணி நேரப் பயணம். "மிசிசிப்பி இங்கேதான் பிறக்குதாம். நடந்தே தாண்டலாமாம்!" என்றாள்.

உண்மைதான். அமெரிக்காவின் பேராறு, இட்டாஸ்கா ஏரியின் வடக்கு முனையில் ஒரு வாய்க்கால்போல வெளியேறுகிறது. குறுக்கே வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. அவற்றின் மேல் கால்வைத்துப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டுவார்கள். பக்கத்தில் நட்டிருக்கும் மரத்தூணில், கடல் மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் ஆறு தொடங்குவதாகவும், மெக்ஸிகோ வளைகுடாவுக்கு 2,552 மைல் வளைந்து நெளிந்து போவதாகவும் எழுதியிருக்கிறது. இங்கே கிளம்பும் ஒரு சொட்டுத் தண்ணீர் கடலைச் சேர ஏறக்குறைய 90 நாள்கள் ஆகும் என்பார்கள்.

அந்த ஏரியை ஒஜிப்வே பழங்குடி மக்கள் 'எல்க் மான் ஏரி' என்ற பொருள்படும் பெயரில் அழைத்தார்கள். 1832-ல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்பவரை அங்கே அழைத்துப்போய்க் காட்டியவர் ஓசாவிண்டிப் என்ற ஒஜிப்வே தலைவர். 'உண்மையான தலை' என்ற பொருளில் இரண்டு லத்தீன் சொற்களை எடுத்து, முன்னும் பின்னும் வெட்டி ஒட்டி 'இட்டாஸ்கா' என்று பெயர் வைத்தார் ஸ்கூல்கிராஃப்ட். வழி காட்டியவரின் மொழியில் இருந்த பெயர் வரைபடத்திலிருந்து போனது. வந்தவர் வைத்த பெயர் நின்றுவிட்டது.

அறுபது ஆண்டுகளுக்குள் மரவெட்டிகள் வந்தார்கள். வடக்கு மினசோட்டாவின் பைன் காடுகள் வேகமாக வீழ்ந்துகொண்டிருந்தன. இந்த ஒரு காட்டையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஜேக்கப் பிரவர் போராடினார். 1891 ஏப்ரல் 20 அன்று மாநிலச் சட்டமன்றம் இட்டாஸ்காவைப் பூங்காவாக அறிவித்தது. வித்தியாசம் ஒரே ஓர் ஓட்டு!

பூங்கா என்று அறிவித்ததோடு சண்டை முடியவில்லை. 1903-ல் மேரி கிப்ஸ் என்ற இளம்பெண் பூங்காவின் பொறுப்பாளராக இருந்தார். தந்தை வகித்த பொறுப்பு, அவர் இறந்ததும் மகளிடம் வந்திருந்தது. மரக்கட்டைகளை மிதக்கவிட மரவெட்டிகள் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி பொங்கிக் கரையோர மரங்கள் மூழ்கின. மதகைத் திறக்கச் சொல்லி அவர் நேரில் போய் நின்றார். சுட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். அவர் மசியவில்லை. இன்று மிசிசிப்பி பிறக்கும் இடத்தில் உள்ள பார்வையாளர் மையத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த ஓர் ஓட்டும் அந்தப் பெண்ணின் பிடிவாதமும் இல்லாமல் போயிருந்தால், இன்று அங்கே நிமிர்ந்து நிற்கும் செம்பைன் மரங்கள் பல இருந்திருக்காது. இன்று அந்தப் பூங்கா 32,000 ஏக்கருக்கும் மேல். நூற்றுக்கும் அதிகமான ஏரிகள் உள்ளே இருக்கின்றன.

தண்ணீரில் விளையும் தானியம்

ஏரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. வடக்கே ஆழமில்லாத பல ஏரிகளில், தண்ணீருக்கு மேல் புல்போல ஒன்று அடர்ந்து நிற்கும். களை என்று நினைத்துப் படகை அதற்குள் ஓட்டிவிடக்கூடாது. அது காட்டரிசி. நெல்லுக்கு நெருங்கிய உறவுக்காரப் பயிர். ஒஜிப்வே மக்கள் அதை 'மனூமின்' என்கிறார்கள். 'தண்ணீரில் உணவு விளையும் இடத்துக்குப் போங்கள்' என்ற முன்னறிவிப்பைக் கேட்டுத்தான் தங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து இந்த ஏரிகளைத் தேடி வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. ஒருவர் கழியால் படகைத் தள்ள, இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவார். முற்றிய மணி படகுக்குள் விழும். மீதி தண்ணீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். கோடையின் தொடக்கத்தில் இதன் இலைகள் தண்ணீரின் மேல் படுத்து மிதக்கும். அப்போது மோட்டார் படகு எழுப்பும் அலை வேரோடு பிடுங்கிவிடும். விடுமுறைக்கு வந்தவர்களின் ஒரு மணி நேரக் கொண்டாட்டம், ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு அரிசியாக இருக்கலாம்.

விறகும் அப்படித்தான். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோக மாநிலப் பூங்காக்களில் அனுமதி இல்லை. அங்கே அங்கீகரித்த விறகைத்தான் வாங்க வேண்டும். ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் ஒரு மரகதப் பச்சை வண்டு 2009-ல் மினசோட்டாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஊர் ஊராகப் போவது பெரும்பாலும் விறகுக் கட்டைக்குள் ஒளிந்துதான். படகையும் ஓர் ஏரியிலிருந்து எடுத்தால் கழுவி, தண்ணீரை முழுக்க வடித்து, அடைப்பைக் கழற்றிய பிறகே சாலையில் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வரிக்குதிரைச் சிப்பி போன்ற அந்நிய உயிர்கள் அடுத்த ஏரியிலும் குடியேறிவிடும். மாநிலப் பூங்காவில் மது அருந்தக் கூடாது என்பதையும், இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதையும் குடும்பமாக வருபவர்கள் வரவேற்கத்தான் செய்கிறார்கள்.

பையன் கேட்ட கரடி? இருக்கிறது. கறுப்புக் கரடி. அதற்கு மனிதர்மேல் ஆசை இல்லை, அவர்கள் உணவின்மேல்தான். பிஸ்கட் பாக்கெட்டும் பற்பசையும்கூடக் கூடாரத்துக்குள் இருக்கக்கூடாது. இரவு எல்லாவற்றையும் காரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

எட்டு மணி

அப்பா இன்னும் பவுண்டரி வாட்டர்ஸ் வரைபடத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். பெண்தான் பாட்டியிடம் போய்க் கேட்டாள். "பாட்டி, உங்களுக்கு அங்கே என்ன ரொம்பப் பிடிக்கும்?"

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "படகு தூக்கினது இல்லை. நடந்தது இல்லை. ராத்திரி லூன் கத்தும். அதைக் கேட்டுட்டே உங்க தாத்தாவும் நானும் பேசாம உட்கார்ந்திருப்போம். அதுதான்."

லூன், மினசோட்டாவின் மாநிலப் பறவை. கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், ரத்தச் சிவப்பில் கண். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். அதன் இரவுக் குரலை முதல்முறை கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். அந்தக் குரலுக்குத் தோளில் படகு சுமக்கத் தேவையில்லை. அனுமதிச் சீட்டும் தேவையில்லை. இட்டாஸ்கா ஏரியிலும் லூன் இருக்கிறது.

அப்பா வரைபடத்தை மூடினார்.

இட்டாஸ்காவில் இரண்டு முகாம்கள். பைன் ரிட்ஜ், பைன் மரங்களுக்கு நடுவே, ஏரியிலிருந்து தள்ளி இருப்பது. பேர் பா, ஏரியை ஒட்டி இருப்பது. பேர் பா முகாமில் தண்ணீர் ஓரமாகச் சில இடங்கள் உண்டு. கைவண்டியில் சாமான்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் அதை எடுக்கவில்லை. அதே முகாமில், காரை நிறுத்தும் இடத்திலேயே கூடாரம் போடக்கூடிய, கழிப்பறையிலிருந்து மூன்று இடங்கள் தள்ளி, மரங்களுக்கு நடுவே ஏரி பளிச்சிடும் ஓர் இடத்தை எடுத்தார்கள். எட்டு மணி ஆனதும் அம்மா பொத்தானை அழுத்தினார்.

"அஞ்சு பேர்னு போடு" என்றார் அப்பா.

மூன்று மணி

ஆகஸ்ட். இரண்டாவது இரவு. அன்று பகலில் பையன் மிசிசிப்பியை ஏழு முறை தாண்டியிருந்தான். இரண்டு முறை விழுந்துமிருந்தான். கற்கள் வழுக்கும் என்பதால் பாட்டி அவற்றின் மேல் ஏறவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் மெதுவாக நடந்து மறுகரைக்குப் போனார்.

அதிகாலை மூன்று மணிக்குப் பாட்டி எழுந்தார். பேத்தியும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதை சமமாக இருந்தது. போக இரண்டு நிமிடம், வர இரண்டு நிமிடம். திரும்பி வரும்போது ஏரிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. நீண்டு, உயர்ந்து, அறுந்தது. பேத்தி டார்ச்சை அணைத்தாள். இன்னொரு குரல், எங்கோ அடுத்த ஏரியிலிருந்து, பதில் சொன்னது.

இருவரும் பேசாமல் நின்றார்கள். கூடாரத்துக்குள் அப்பா விழித்திருந்தார். அவருக்கும் கேட்டது.